இந்த வாரம் என்ன கேட்கிறீர்கள்? பழைய பதிவுகள், டேப் இரைச்சல், பெயர் தெரியாத ஒரு தோடி

மந்தரஸ்தாயி

மூன்று நாளாகப் பாடகர் எம்.டி.ராமநாதனின் சஹானா ராகத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. "கிரிபை நெலகொன்ன", ஏதோ ஒரு கச்சேரியில் யாரோ டேப்பில் பிடித்தது. ஆரம்பத்தில் இரண்டு மூன்று விநாடி வெறும் தம்பூரா, அப்புறம் பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி அந்தக் குரல். அவ்வளவு கீழான சுருதியில் வேறு யார் பாடியும் நான் கேட்டதில்லை. "குறி தப்பக கண்டி" என்ற இடத்தில் அந்த "கண்டி"யை முடிக்காமல் வைத்துக்கொண்டே இருக்கிறார், தாளம் போய்க்கொண்டிருக்கிறது, நமக்கு மூச்சு நிற்கிறது, அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. ராமனைத் தவறாமல் கண்டேன் என்று தியாகராஜர் சொல்கிற வரி. சரணத்தில் பத்து நாளில் ஆட்கொள்கிறேன் என்று ராமன் சொன்னதாக வருகிறது, அதனால் அவருடைய கடைசிக் காலத்துப் பாட்டு என்று சொல்வார்கள் (அவர் சமாதியானது 1847 ஜனவரி). இதை எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தச் சவுக்க காலம் (மெதுவான நடை) ஏன் என்று புரிகிறது. வேகமாகப் பாடினால் கண்டதும் போய்விடும்.

காலேஜ் நாட்களில் எனக்கு எம்.டி.ஆர். பிடிக்காது. தூக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் ஆயிற்று இங்கே வந்து சேர.

சரி, நீங்கள் எல்லாரும் இந்த வாரம் என்ன கேட்கிறீர்கள்? வெறும் பெயர் வேண்டாம், எந்த இடம் பிடித்தது, ஏன் என்று எழுதுங்கள்.

மயிலைவாசி

பிருந்தா–முக்தா சகோதரிகள் பாடின க்ஷேத்ரக்ஞர் பதம், நாதநாமக்ரியா ராகத்தில் "பய்யத". குழந்தைகள் தூங்கினதும் சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு கேட்கிறேன். இரண்டு பேர் பாடுகிறார்கள் என்பதே சில இடங்களில் தெரியாது, திடீரென்று ஒரு கமகத்தின் (ஸ்வர அசைவின்) வளைவில் ஒரு குரல் மயிரிழை பின்னால் வரும், அப்போதுதான் இரண்டு என்று தெரியும். அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

அதைக் கேட்டுவிட்டு அவர்கள் பாட்டி வீணை தனம்மாளின் இசைத்தட்டுகளுக்குப் போனேன். 1932-ல் கொலம்பியாவுக்கு வாசித்தது. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே பூனை மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம். அப்படி வாசித்தவருக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம்தான். ஆனால் அவசரமே கேட்கவில்லை. மூன்று நிமிஷத்துக்குள் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார், பாருங்கள்.

கும்கி

நான் மிருதங்கம் கற்றுக்கொள்கிறவன், அதனால் எல்லாப் பதிவிலும் காது முதலில் வலது ஓரம் போய்விடும். இந்த வாரம் பழனி சுப்பிரமணிய பிள்ளை. தொப்பியில் (மிருதங்கத்தின் கனமான நாதம் தருகிற பக்கம்) அந்தக் கும்கி இருக்கிறதே, உள்ளங்கையின் அடிப்பாகத்தை அழுத்தித் தோலில் தேய்த்து நாதத்தை மேலே இழுப்பது, அது அவர் கையில் பேசுகிற மாதிரி இருக்கிறது. பாட்டுக்காரர் வரியை முடித்துவிட்டு மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரே ஒரு கும்கி. வேறொன்றும் இல்லை. அந்த ஒன்று போதும்.

இடது கைக்காரர் அவர். மேடையில் மிருதங்கம் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவது வழக்கம், வலந்தலை (மற்றப் பக்கம்) சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக. இவர் அதே இடத்தில் உட்கார்ந்தால் தொப்பிதான் சபையைப் பார்க்கும். அதனால் வயலின் வித்வான் இடம் மாறி உட்கார வேண்டும், அதற்குப் பலர் இசையவில்லை. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் முன்னுக்கு நின்று அவரைத் தன்னோடு உட்கார்த்திக்கொண்டார். மைக் இல்லாத, அல்லது ஒரே மைக் இருந்த காலத்தில் யார் எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயம். சௌடய்யா வயலினில் ஏழு தந்தி போட்டுக்கொண்டதும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றுதானே.

புதுக்காது

எல்லாருக்கும் வணக்கம். சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவன். ஆறு மாதமாகத்தான் இந்தப் பக்கம். ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது, தாளம் போடத் தெரியாது. மதுரை மணி ஐயரின் "எப்ப வருவாரோ" ஒரு நண்பர் அனுப்பினார், அதைத் தினமும் பஸ்ஸில் கேட்கிறேன். பதிவு மிகவும் பழசு, பின்னால் ஜனங்கள் பேசுகிற சத்தம், பாத்திரச் சத்தம். ஆனால் அவர் சந்தோஷமாகப் பாடுகிறார் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. கூடவே இன்னொரு குரல் கேட்கிறது, அது யார்? இந்த மாதிரி வேறு எதைக் கேட்கலாம்?

மந்தரஸ்தாயி

தம்பி, நல்ல வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறீர்கள். அந்த ராகம் ஜோன்புரி, பாட்டு கோபாலகிருஷ்ண பாரதி. பின்னால் கேட்கிற குரல் பெரும்பாலும் வேம்பு ஐயராக இருக்கும், மணி ஐயரின் சீடர், டி.வி.சங்கரநாராயணனின் அப்பா, அநேகக் கச்சேரிகளில் கூடப் பாடியவர். அடுத்து "காண கண் கோடி வேண்டும்" கேளுங்கள், காம்போதி. ஸ்வரம் பாட ஆரம்பித்தால் கணக்கு, கோர்வை என்று நம்மைப் பயமுறுத்த மாட்டார், ஆறு ஓடுகிற மாதிரி ஸர்வலகுவாகப் போய்க்கொண்டே இருப்பார். ராகப் பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே ராகத்தில் நாலு பேர் பாடினதைக் கேட்டால் ஐந்தாவது தடவை அதுவாக வந்து தோளைத் தொடும்.

ஸ்பூல்பெட்டி

நான் இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. ஒரு உதவி வேண்டும்.

அப்பா போன வருஷம் காலமானார். பரணில் ஒரு தகரப் பெட்டியில் இரண்டு ஸ்பூல் டேப் கிடைத்தது, 7 அங்குலம். ஒரு அட்டைப்பெட்டி மேல் நீல மையில் "1964 வைகாசி, கல்யாணக் கச்சேரி, 2ம் பக்கம் தோடி" என்று அப்பா கையெழுத்து. அத்தை கல்யாணம் அது. யார் பாடினார் என்று எழுதவில்லை. ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டல் செய்து வாங்கினேன். கேட்டால் ஏதோ மாதிரி இருக்கிறது. இரைச்சல் சுத்தமாக இல்லை, ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, தம்பூராவே இல்லை. பாட்டு நின்றால் ஒரே நிசப்தம், கல்யாண வீட்டில் அப்படி எப்படி இருக்கும்? "கொலுவமரெகதா" பாடுகிறார் என்று இங்கே படித்த அறிவை வைத்துக் கண்டுபிடித்தேன். இளம் குரல், நல்ல மேல் சுருதி. நாலு நிமிஷம் மேலே ஏற்றியிருக்கிறேன். யார் என்று சொல்ல முடியுமா?

கும்கி

கேட்டேன். தோடி ராகம்தான், கொலுவமரெகதாதான். மிருதங்கத்தைக் கேட்டதும் ஒரு கணம் பழனியோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இல்லை. அவர் 1962-லேயே போய்விட்டார், அதை விடுங்கள், வாசிப்பே வேறு. தொப்பி நாதத்தை முழுக்க வழித்து எடுத்துவிட்டார்கள், அதனால் எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பாடுகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய பெயர்களில் யாரும் இல்லை என்று தோன்றுகிறது.

சவுண்ட்காரன்

சார், முதலில் ஒன்று. அந்த ஸ்பூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்தும் விடாதீர்கள். முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை அடித்தால் பழைய அசிடேட் டேப் அழிய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், சீக்கிரம் ஓட்டியாக வேண்டும். வாடை இல்லாவிட்டால் நிதானமாகச் செய்யலாம்.

நடந்தது இதுதான். இரைச்சல் நீக்குகிற மென்பொருளுக்கு முதலில் ஒரு மாதிரி காட்டுவார்கள், பாட்டு இல்லாத இரண்டு விநாடியைத் தேர்ந்து இதுதான் இரைச்சல், இதை எல்லா இடத்திலும் கழித்துவிடு என்பார்கள். கர்நாடகக் கச்சேரியில் பாட்டு இல்லாத இடத்தில் என்ன இருக்கும்? தம்பூரா. ஒரே சீராக, நிற்காமல். மென்பொருளுக்கு அதுவும் இரைச்சல்தான். தம்பூராவைக் கழித்தால் அதே ஸ்தானங்களில் நிற்கிற குரலின் கார்வையும் (நீண்டு நிற்கிற நாதமும்) கூடப் போகும். தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

சுத்தம் செய்வதற்கு முந்தைய கோப்பைக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஸ்பூல்பெட்டி

கேட்டேன். வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். வினிகர் வாடை இல்லை.

வெண்கலக்குரல்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, காதில் கருவி. இரைச்சல் உள்ள பதிவைப் போட்டால் அம்மாவுக்கு ஒரு சாகித்யமும் விளங்காது, தலைவலி வரும். இரைச்சல் நீக்கிய முசிரி சுப்பிரமணிய ஐயரின் "நகுமோமு" தட்டைப் போட்டுக் காட்டிய அன்று அம்மா கூடவே முணுமுணுத்தாள், கிராமபோன் வைத்திருந்த பக்கத்து வீட்டுத் திண்ணையில் அதைக் கேட்டாளாம். இங்கே எல்லாரும் இரைச்சலோடு கேட்பதுதான் உண்மையான ரசனை என்கிற மாதிரி எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மயிலைவாசி

நீங்கள் சொல்வது நியாயம். அம்மா கேட்கட்டும், அதற்குத்தானே பாடினார்கள். ஆனால் அம்மாவுக்காகச் செய்த பிரதி மட்டும் மிஞ்சி, அசல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். மியூசிக் அகாதெமியில் டேக் டிஜிட்டல் ஒலிக்காப்பகத்தில் திரையைத் தொட்டுத் தேடி அங்கேயே ஹெட்போனில் கேட்கலாம், நகல் எடுக்க முடியாது. அங்கே உட்கார்ந்து கேட்ட சில பதிவுகளில் வித்வான் சிஷ்யரிடம் சுருதியைக் கூட்டச் சொல்வது, பக்கத்தில் உட்கார்ந்தவர் "பேஷ்" சொல்வது எல்லாம் இருக்கிறது. அதைக் கேட்கும்போது நானும் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். வழித்து எடுத்த பிரதியில் எனக்கு உட்கார இடமில்லை.

சவுண்ட்காரன்

இரண்டும் வேண்டும், அவ்வளவுதான். டேப்பிலிருந்து வருவதை ஒன்றும் தொடாமல் அப்படியே ஒரு கோப்பு, அதை யாரும் திருத்தக் கூடாது. அதிலிருந்து அம்மாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று.

ஸ்பூல்பெட்டி சார், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற டேப் மெஷின் வைத்திருக்கும் ஒரு அன்பர் இருக்கிறார், தனிச் செய்தியில் சொல்கிறேன். போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். மெஷின் ஹெட்டின் (டேப்பைப் படிக்கிற பாகம்) ஓரத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும், அதை டேப் ஓடும்போதே மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் மூடின ஜன்னல் திறந்த மாதிரி குரல் தெளியும், தாண்டினால் மறுபடி மங்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும். அப்புறம் மின்சார ஹம்மை நீக்கவே கூடாது. அது எனக்கு வேண்டும்.

புதுக்காது

ஹம் எதற்கு அண்ணா?

சவுண்ட்காரன்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1964-ல் கல்யாண வீட்டில் ரெக்கார்டரைச் சொருகினபோது அந்த "உம்ம்ம்" சத்தமும் பாட்டோடு டேப்பில் ஏறியிருக்கும். இன்று ஓட்டும்போது அது 50-க்குப் பக்கத்தில் இருந்தால் வேகம் சரி. வேறாக இருந்தால் அன்று ரெக்கார்டர் மெதுவாகவோ வேகமாகவோ ஓடியிருக்கிறது, பாடகரின் சுருதியும் அந்த அளவு மாறிக் கேட்கும். அந்தக் கால மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கும்தான், ஆனால் அது சிறிய அளவு. தம்பூரா எந்தக் கட்டை (சுருதி அளவு) என்று நமக்குச் சொல்ல அன்று இருந்த ஆட்கள் இல்லை, இந்த ஹம் இருக்கிறது.

78 தட்டுகளிலும் (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய இசைத்தட்டு) இதே தொல்லை. பெயர்தான் 78, ஆரம்ப காலத் தட்டுகள் 70-லிருந்து 80-க்கு மேல் வரை பல வேகங்களில் வெட்டப்பட்டவை. எல்லாவற்றையும் 78-ல் ஓட்டிவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு மேல் சுருதியில் பாடினார்கள்" என்று வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலர் நிஜமாகவே பாடினார்கள், கிட்டப்பா மாதிரி. ஆனால் எல்லாரும் இல்லை.

இணுவில்மகன்

நான் பிந்தி வாறேன். தோடி என்று தலைப்பில் கண்டதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இந்தக் கிழமை கேட்டது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி. இசைத்தட்டில் வந்தது. அப்பா அதை ஒரு கசெட்டில் வைத்திருந்தார், எங்கள் வீட்டில் காலமை அதுதான். ரிஷபம் காந்தாரம் மத்திமம் தைவதம் என்று ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தொடாமலே சுற்றிச் சுற்றி வருவார், எங்கே இறங்கப் போகிறார் என்று நெஞ்சு காத்திருக்கும், பிறகு ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போது வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். முன்பு திமிரி நாயனம்தான், அதன் சுருதி கூடுதல். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனம் செய்வித்து, இந்தக் கார்வை எல்லாம் வரப்பண்ணியது இவர்தான் என்று அப்பா சொல்லுவார்.

அப்பா நல்லூர்த் திருவிழாவில் அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரத்தைத் தன் சிறிய ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். இணுவில் கோயிலில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலும் ஒன்று இருந்தது. தவில் அடிக்கும்போது டேப் தாங்காமல் கரகரக்கும், ஆனால் அந்த ஃபரன் (வேகமான சொற்கட்டு) போகிற வேகம் அதற்குள்ளாலும் விளங்கும். தட்சிணாமூர்த்தி 1975-ல் ஐம்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாங்கள் இரவோடு இரவாக வெளிக்கிட்டபோது கசெட் பெட்டியை எடுக்க முடியவில்லை. பத்திரம், அம்மாவின் மருந்து, அரிசி. அப்பா சட்டைப்பையில் ஒன்றே ஒன்று வைத்திருந்தார், தென்மராட்சி போய்ச் சேர்ந்த பிறகுதான் காட்டினார். ராஜரத்தினம் பிள்ளை தோடி. நாங்கள் கேட்டோம், கடையில் வாங்கக்கூடியதை ஏன் எடுத்தீர்கள், தட்சிணாமூர்த்தியை அல்லவா எடுத்திருக்க வேண்டும் என்று. இருட்டில் கைக்கு வந்ததை எடுத்தேன் என்றார். திரும்பிப் போனபோது வீட்டில் பெட்டி இல்லை.

ஸ்பூல்பெட்டி அண்ணா, ஆர் பாடினது என்று தெரியாவிட்டாலும் அந்த டேப்பை வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மந்தரஸ்தாயி

ஐயா, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதையும் போட முடியவில்லை. அப்பா வைத்திருந்த அந்தத் தவில் பதிவு வேறு யாரிடமாவது இருக்கலாம். கோயில் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, கூட நாதஸ்வரம் யார் என்று நினைவிருப்பதை எழுதுங்கள். லண்டன், டொரண்டோ பக்கம் பழைய கசெட் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு.

இணுவில்மகன்

நினைவிருக்கிறதை எல்லாம் எழுதி அனுப்புகிறேன். நன்றி.

ஸ்பூல்பெட்டி

பத்து நாள் கழித்து வருகிறேன். அந்த அன்பர் வீட்டுக்குப் போய்வந்தேன். இரண்டு மணி நேரம் திருகோடு மட்டுமே போராடினார், காசு வாங்கவில்லை. ஜன்னல் திறந்த மாதிரி என்று நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. தொடாத கோப்பு 40 நிமிஷம், மேலே ஏற்றியிருக்கிறேன். தம்பூரா இருக்கிறது! இலை போடச் சொல்லி யாரோ கத்துகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, நிரவலுக்கு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவது) நடுவில் வெளியே மாட்டுவண்டி மணி போகிறது. எல்லாம் இருக்கிறது.

சவுண்ட்காரன்

கேட்டேன், அளந்தும் பார்த்தேன். ஹம் இரண்டு கோடாக இருக்கிறது. ஒன்று சரியாக 50, அது இப்போது ஓட்டின மெஷினுடையது. இன்னொன்று 53, அது 1964. அன்று ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது, பெல்ட் தளர்ந்திருக்கலாம். 53-ஐ 50-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை குறையும். நாம் 2 கட்டை என்று கேட்டது நிஜத்தில் ஒன்றரை. இறக்கின பிரதியை இணைத்திருக்கிறேன். கேளுங்கள், குரல் இளம் குரலே இல்லை.

கும்கி

ஐயோ, ஆமாம். ஐம்பதைத் தாண்டினவர். "கொலுவமரெகதா" பல்லவியில் மேலே போகும்போது குரலில் ஒரு சின்னப் பிசிறு வருகிறது, அதை மறைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அடுத்த சங்கதியை இன்னும் மெதுவாக எடுக்கிறார். வேகமாக ஓடின பிரதியில் இது ஏதோ துடுக்குத்தனம் மாதிரி கேட்டது. இப்போது முழுக்க வேறு பாட்டு. மிருதங்கக்காரரும் நிதானமாகக் காத்திருந்துதான் வாசிக்கிறார், நான்தான் அவரை அவசரக்காரர் என்று நினைத்துவிட்டேன்.

ஸ்பூல்பெட்டி

இறக்கின பிரதியை அத்தைக்குப் போனில் போட்டுக் காட்டினேன். முன்பு கடைப் பிரதியைக் காட்டினபோது "யாரோ தெரியலைடா" என்றுதான் சொன்னாள். இந்தத் தடவை அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "பாட்டு வாத்தியார்டா" என்றாள். அத்தைக்கும் தெருவில் ஏழெட்டுப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர், கச்சேரி என்று பெரிதாக எங்கும் போனதில்லையாம், ரேடியோவில் பாடினதில்லை, தட்டு கொடுத்ததில்லை. கல்யாணத்துக்குப் பட்டணத்து வித்வானை அழைக்கத் தாத்தாவுக்கு வசதி போதவில்லை, வாத்தியாரே நான் பாடுகிறேன் என்று வந்தாராம். மாதம் இரண்டு ரூபாய் சம்பளம், பாதி நாள் வாங்கவும் மாட்டார் என்றாள். அப்புறம் அத்தை ஒன்றும் பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை. பாட்டு முடியும்வரை கேட்டாள்.

மயிலைவாசி

நிரவல் முழுக்கக் கேட்டேன். இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) போகாமலே முடித்துவிடுகிறார். என் போனில் பிருந்தா–முக்தாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோப்புக்கு என்ன பெயர் போடுவது? "பாட்டு வாத்தியார், 1964" என்று போட்டிருக்கிறேன், அத்தைக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

புதுக்காது

நானும் கேட்டேன். ராகம் தெரிந்தது. இணுவில் ஐயா எழுதின மாதிரி எங்கே இறங்குவார் என்று காத்திருந்தேன், இறங்கினார்.

ஸ்பூல்பெட்டி

அத்தைக்குச் சம்மதம். அவர் பெயரைத் தெருவில் யாரும் சொன்னதே இல்லையாம், எல்லாருக்கும் வாத்தியார்தான், அதனால் அப்படியே இருக்கட்டும் என்றாள்.

இரண்டாவது ஸ்பூலின் அட்டையில் "நலங்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. நலங்கில் தான் பாடினது உண்டு, என்ன பாட்டு என்று மறந்துவிட்டது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு அந்த அன்பர் வீட்டுக்குப் போகிறேன்.